காரணம் கேட்காத வண்டி

இந்த வருடம் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் எங்காவது போனார்கள். சம்பந்தி துபாய்க்கு, மாடி வீட்டுக்காரர் மலேசியாவுக்கு, அலுவலகத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர் மகன் செலவில் ஐரோப்பாவுக்கு. நான் ஜவ்வாது மலைக்குப் போனேன். அதுவும் ஒரு கையெழுத்துப் போடுவதற்கு.

கேட்டவர் என் சகலை டேவிட். என் மனைவி ரெஜினாவின் தங்கை கணவர். கண்ணமங்கலத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கே பி.டி. சார். விசில் ஊதுவதும் கயிறு இழுக்க வைப்பதும் அவர் கற்ற கலைகள். நானோ வேலூரில் ஒரு பெரிய நிறுவனத்தின் கணினித் தணிக்கைப் பிரிவுக்குத் தலைவனாக இருந்தவன். யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், யார் திறக்கக்கூடாது என்று சொல்வதே என் உத்தியோகம். நான் கையெழுத்துப் போடாமல் எங்கள் நிறுவனத்தில் எந்த மென்பொருளும் வெளிச்சம் பார்த்ததில்லை.

இப்படியிருக்க, டேவிட் ஒரு செயலி செய்துவிட்டார். ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. இப்போதெல்லாம் எழுத வேண்டியதில்லையாம். ஒரு தளத்துக்குள் போய், இங்கே ஒரு பெட்டி, அங்கே ஒரு பொத்தான் என்று விரலால் இழுத்து வைத்தால் முடிந்தது. மலையில் பஸ் குறைவு. கீழே இறங்கும் ஜீப், பிக்கப் வண்டிகளில் முன்கூட்டியே இடம் பிடிக்கத்தான் அந்தச் செயலி. பெயர், ஊர், நாள், போகிற காரணம் என்று நான்கு பெட்டிகள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு முதலிடம். மலைக்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று. செய்தித்தாளில் டேவிட்டின் படம் வந்தது. ரெஜினா அதை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். நான் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் டேவிட் சிரித்தார்.

அடுத்து, ஜமுனாமரத்தூரில் அதிகாரிகள் முன்னால் செயலியை அரங்கேற்ற ஏற்பாடாயிற்று. இதில் ஜனங்களின் விவரங்கள் பத்திரமாக இருக்கின்றன என்று விவரம் தெரிந்த ஒருவர் சான்று தரவேண்டும் என்றார்களாம்.

"அண்ணா, ஒரே ஒரு கையெழுத்துண்ணா. நீங்க போட்டீங்கன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

"பார்க்காம போட மாட்டேன் டேவிட்."

"பாருங்கண்ணா, நல்லாப் பாருங்க. வோணாம்னா சொன்னேன்?"

பையில் மடிக்கணினியும் ரத்த அழுத்த மாத்திரையும் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கையெழுத்துப் போடுவதில்லை என்ற முடிவையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போனேன்.

முதல் நாள். மலை ஏறும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. யாருடையவோ இரண்டு கோழிகள், கால் கட்டப்பட்டு, என் செருப்பின் மேல் படுத்துக்கொண்டன. டேவிட் உட்காரவில்லை. இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தும் மறுத்துவிட்டார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிரித்துப் பேசியபடி நின்றே வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். உட்கார்ந்திருந்த எனக்குக் குமட்டியது. அந்த முழங்கால்களைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"நின்னுக்கினு வர்றாரே, யாருடி அவரு?"

"வண்டி சாரு. போன்லயே வண்டி வுடுறாரு இல்ல, அவரு."

"பக்கத்துல குந்தினுகீறவரு?"

"தெரில. ஒடம்பு முடியாதவரு போல. மலக்காத்துக்கு இட்டாந்துகிறாரு."

பாதி மலையில் பஸ் நின்றுவிட்டது. பெல்ட் அறுந்துபோயிற்றாம். வேலூராக இருந்தால் நடத்துநரைச் சுற்றிக் கூட்டம் கூடி, டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருக்கும். இங்கே எல்லோரும் இறங்கி நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். ஒருவர் கொண்டு வந்த பலாப்பழத்தை அங்கேயே பிளந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் சுளை கொடுத்தார். எனக்கு இரண்டு. டேவிட்டுக்கு ஐந்து. அந்த வழியாக வந்த பிக்கப் வண்டி டேவிட்டைப் பார்த்துத் தானாகவே நின்றது. நான் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தேன். அவர் அதிலும் நின்றார்.

நாங்கள் தங்கியது ஜமுனாமரத்தூருக்கு முன்னாலேயே சாலையோரம் இருந்த ஒரு சிற்றூரில். டேவிட் அங்கே ஓர் அறை எடுத்து வைத்திருந்தார். எதிரில் மல்லிகா என்ற பெண் நடத்தும் சாப்பாட்டுக் கடை. மல்லிகா அவருடைய பெயரல்ல. கடை சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது பின்னால் தெரியும்.

சாமைச் சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு, ஏதோ ஒரு கீரைக் கடைசல். எங்கள் தெரு மெஸ்ஸில் இரண்டாம் முறை குழம்பு கேட்டால் சர்வர் மேனேஜரைத் திரும்பிப் பார்ப்பார். மல்லிகா கேட்காமலே ஊற்றினார்.

"இன்னா சார், இப்படிக் கொறிக்கிறீங்க? பி.டி. சாரு மூணாவது வாட்டி வாங்கிட்டாரு."

சாப்பாட்டிலும் தோற்றேன்.

அந்த ஊரில் செல்போன் சிக்னல் ஒரே ஓர் இடத்தில்தான் எடுக்கும். கடைக்கு மேலே, சரிவில் நிற்கும் நாவல் மரத்தடி. மரத்தடியில் சதாசிவம் என்பவரின் பெட்டிக்கடை. போன் வைத்திருப்பவர்கள் காலையில் அதை மஞ்சப்பையில் போட்டு நாவல் கிளையில் மாட்டிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அழைப்போ செய்தியோ வந்தால் சதாசிவம் எடுத்துப் பார்த்து, சரிவு முழுவதும் கேட்கிற மாதிரி அறிவிக்கிறார்.

"மல்லிகாக்கோவ்! சிலிண்டர்காரன் நம்பரு அனுப்பிக்கிறான்! நாலு... ஏழு... கேக்குதா? ரெண்டு... ஒம்போது!"

ஒருமுறைக் கடவுச்சொல்லை ஒருவர் கூவுவதை என் உத்தியோக வாழ்க்கையில் அன்றுதான் கேட்டேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் எச்சரிக்கிற எண் அது. எதிர்ச் சரிவில் மேய்ந்த ஆடுகளுக்குக்கூட இப்போது தெரியும்.

நானும் என் போனைக் கிளையில் மாட்டி, அதன் இணைப்பில் மடிக்கணினியைத் திறந்து டேவிட்டின் செயலியைச் சோதிக்க ஆரம்பித்தேன். சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். பொறுப்பாளர்களுக்கான பக்கம், அதன் முகவரி தெரிந்தால் கடவுச்சொல் கேட்காமலே திறந்தது. செய்து பார்ப்பதற்காக வைத்திருந்த ஒத்திகைப் பதிப்பு, உண்மையான விவரங்களோடு அப்படியே இணையத்தில் கிடந்தது. இவையெல்லாம் சின்னக் குறைகள். பெரியது அந்தக் காரணப் பெட்டி. பதிவு செய்பவர் காரணத்தை எழுதி அனுப்பியதும் அது திரையிலிருந்து மறைந்துவிடும். பொறுப்பாளருக்கு மட்டும் தெரியும் என்பது டேவிட்டின் எண்ணம். ஆனால் அவர் மறைத்தது திரையில்தான். எல்லோருடைய காரணங்களும் எல்லோருடைய போனுக்கும் வந்துகொண்டுதான் இருந்தன. பூட்டு போடவேண்டிய அறைக்கு அவர் திரைச்சீலை போட்டிருந்தார். உலாவியில் எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்தவர் சீலையை விலக்கிப் பார்க்கலாம். இழுத்து வைத்துச் செய்கிற செயலிகளில் அதிகம் நடக்கிற தவறு இதுதான். பெட்டி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் செய்தவர் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்.

விலக்கினேன். வரிசை வரிசையாகக் கொட்டியது. விழா மேடையில், திரையில், அதிகாரிகள் முன்னால் இதை ஒருமுறை விலக்கிக் காட்டினால் போதும். ஃபிரிட்ஜ் கதவு காலியாகிவிடும். கற்பனையிலேயே எனக்குப் பாதி நிறைவு வந்துவிட்டது.

அப்போதுதான் மல்லிகாவின் வரியைப் பார்த்தேன். மாதம் ஒருமுறை கீழே போகிறார். காரணமும் இருந்தது. அது ஒரு நோயின் பெயர். என்ன நோய் என்று எழுதப்போவதில்லை. மருத்துவரைக் கேட்டால் அவர் கையால் தாராளமாகச் சாப்பிடலாம் என்பார். ஊரைக் கேட்டால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காது. அவ்வளவு தெரிந்தால் போதும்.

மடிக்கணினியை மூடினேன். அன்று மாலை சாப்பிடக் கூப்பிட்டபோது வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். சதாசிவம் கடையில் பிஸ்கட் வாங்கி, அறையில் உட்கார்ந்து தின்றேன். அந்த நோய் சோற்றில் தொற்றாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பிஸ்கட் தின்றேன்.

சற்று நேரத்தில் டேவிட் ஒரு சொம்போடு வந்தார்.

"மல்லிகாம்மா குடுத்தனுப்பிச்சாங்க. மெளகு ரசம். சாருக்கு வயிறு சரியில்லன்னு சொன்னேன், ஒடனே வெச்சுக் குடுத்தாங்க. குடிச்சிட்டுப் படுங்கண்ணா."

சொம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படித்த, விவரம் தெரிந்த, பட்டங்கள் வாங்கிய நானே இப்படியென்றால், இந்த வரி வெளியே போனால் அந்தக் கடை ஒரு சந்தை நாள்கூடத் தாங்காது. ரசத்தைக் குடித்தேன். நல்ல ரசம். ரெஜினாவுடையதைவிட நல்ல ரசம். இதை அவள் படிக்கமாட்டாள் என்று நம்புகிறேன்.

இரண்டாம் நாள் காலை இட்லியும் அங்கேதான் சாப்பிட்டேன். பிறகு டேவிட்டிடம் ஓட்டைகளைச் சொன்னேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. அவர் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன்.

"அப்டியாண்ணா? நல்ல வேள, முன்னாடியே சொன்னீங்க. இன்னா பண்ணணும்?"

முறைப்படி சொன்னேன். விதியைத் திரையில் வைக்கக்கூடாது, தரவின் மேல் வைக்கவேண்டும். ஒரு போன் எண்ணிலிருந்து பதிவானதை அந்த எண் மட்டுமே பார்க்க முடியவேண்டும். அந்த எண்ணுக்குரியவர் தன் பதிவுகளைக் காரணத்தோடு முழுசாகப் பார்க்கலாம், மற்றவர் வரி எதுவும் அந்தப் போனுக்கே வரக்கூடாது. ஒத்திகைப் பதிப்பை மூடவேண்டும். பொறுப்பாளர் பக்கத்துக்குத் தனிக் கடவுச்சொல். இதே வேலைக்கு எங்கள் அலுவலகத்தில் குழு அமைத்து, குறிப்பு எழுதி, மேலிடத்துக்குப் போய், திரும்பி வர ஒரு பருவமழை கடந்துவிடும். டேவிட் நாவல் மரத்தடியில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் செய்துவிட்டார். எங்கோ இழுத்தார், எதையோ அழுத்தினார், "ஓகேண்ணா" என்றார். என் வாழ்நாள் உழைப்பு ஒரு டீக்குள் அடங்கியதை நின்று பார்த்தேன்.

சோதித்தேன். சீலைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. நான் வகுத்த விதி, என் வயதுக்கும் படிப்புக்கும் ஏற்றபடி, கச்சிதமாக வேலை செய்தது.

ஊர்க்காரர் ஒருவர் போனிலும் பார்த்துவிடலாம் என்று டேவிட் சதாசிவத்தைக் கூப்பிட்டார். அவர் தன் போனை எடுத்துச் செயலியைத் திறந்தார்.

"புச்சா இன்னாமோ வந்துகீது பி.டி. சார். 'உங்கள் பதிவுகள்'னு போட்டுகீது. யப்பா, எம்மாம் நீளம்! நான் ஒரு வாட்டிதான சார் கீழ போனேன்?" வழக்கமான குரலில், சரிவு முழுவதும் கேட்கும்படி, படிக்க ஆரம்பித்தார். "கோயிந்தன்... சக்கர வியாதி. அட, இவனுக்குமா! முனியம்மா..."

கீழே கடை வாசலில் மல்லிகா கையில் கரண்டியோடு வெளியே வந்து நின்றார். மேலே பார்த்தார். அசையவில்லை.

நான் பாய்ந்து போனைப் பிடுங்கினேன். "ஒரு நிமிஷம் குடுப்பா, அவசரமா ஒரு போன் பேசணும்" என்றேன்.

"அதுக்கு ஏன் சார் புடுங்குறீங்க? ஒங்க போனு அந்தக் கெளையிலதான் தொங்குது" என்றார் சதாசிவம்.

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு விசாரித்தபோதுதான் விஷயம் விளங்கியது. அந்த ஊரில் இந்தச் செயலி ஓடுகிற மாதிரி போன் வைத்திருப்பவர் நாலைந்து பேர்தான். மற்றவர்கள் சதாசிவத்தின் போனை வாங்கி, நாலடி தள்ளிப்போய், முதுகைக் காட்டி நின்று தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவரும் எட்டிப் பார்க்கமாட்டார். அதுதான் அங்கே முறை. அனுப்பியதும் காரணம் மறைந்துவிடுவதால் இதுவரை வம்பில்லை. ஓர் எண் என்றால் ஓர் ஆள் என்பது நான் படித்த பாடம். என் விதி, ஊரில் பாதிப் பேரின் நோயைத் திரட்டி, மலையிலேயே பெரிய தொண்டை உள்ள மனிதரின் கையில் கொடுத்திருந்தது. டேவிட்டின் ஓட்டை வழியாகப் பார்க்கக் கணினி தெரிந்திருக்க வேண்டும். என்னுடையதற்கு எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும்.

விதியை உடனே திரும்ப எடுக்கச் சொன்னேன். எடுத்தால் பழைய ஓட்டை திறக்கும். சதாசிவம் காதில் விழாதபடி மரத்தின் மறுபக்கம் தள்ளிப் போய் டேவிட்டிடம் சொன்னேன்: "இந்தக் காரணப் பெட்டியே வேண்டாம். எடுத்துடு. அவசரமா, இல்லையான்னு ஒரு கேள்வி போதும். இல்லாத விவரம் எங்கேயும் போகாது."

முதல் முறையாக அவர் முகம் வாடியது. "அண்ணா, வெளயாடுறீங்களா? அந்த வட்டமே அதுலதாண்ணா வருது."

காரணங்களை வைத்துச் செயலி கலர் கலராக ஒரு வட்டம் வரையும். எத்தனை பங்கு ஆஸ்பத்திரி, எத்தனை பங்கு சந்தை, ஆஸ்பத்திரியில் எந்த நோய்க்கு எத்தனை பங்கு என்று. நாளைய விழாவில் அதுதான் கதாநாயகன்.

"அது இல்லன்னா மேடையில இன்னாத்தக் காட்டுறது? என் மூஞ்சியவா?"

"நோய்ப் பேரெல்லாம் ஜனங்களோடது டேவிட்."

"யாருண்ணா பாக்கப் போறா? நானே பாத்ததில்ல. வட்டத்தத்தான் பாப்பேன்."

அது உண்மை என்று தெரிந்தது. அதனால் மடிக்கணினியைத் திருப்பி, நேற்று நான் கண்டிருந்த இன்னொரு வரியைக் காட்டினேன். செயலி தொடங்கிய புதிதில், ஊருக்கு முன்மாதிரியாக, டேவிட்டே அதில் பதிவு செய்து கீழே போயிருக்கிறார். நேர்மையான மனிதர்; காரணத்தையும் நேர்மையாக எழுதியிருந்தார். அந்தச் சொல்லையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து வரத் தோதான நோயல்ல என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மனத்துக்குள் அவர் முழங்கால்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"சதாசிவத்தக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லட்டுமா?"

டேவிட் பெட்டியை எடுத்தார். மறைத்தால் போதாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்து, பழைய வரிகளிலிருந்த காரணங்களையும், தளத்தில் இருந்த நகல்களையும், குப்பைத் தொட்டியையும் ஒவ்வொன்றாக அழிக்க வைத்தேன். வட்டம் கடைசியில் ஒரே சாம்பல் நிறமாக நின்று, பிறகு அதுவும் போயிற்று. விதியைத் திரும்பப் போட்டோம். சதாசிவத்தின் போனில் இப்போது பெயரும் ஊரும் நாளும் மட்டும் வந்தன. யார் என்றைக்குக் கீழே போகிறார்கள் என்பது பிக்கப் வண்டி நின்றால் ஊருக்கே தெரிகிற விஷயம்தான்.

மேடையில் நான் விலக்கிக் காட்ட ஒன்றும் மிச்சமில்லை என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் உறைத்தது.

மூன்றாம் நாள். ஜமுனாமரத்தூரில் சந்தைக் கூட்டம் வேறு. மூட்டைகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே வழி கேட்டு விழா மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒருவர் அதை வாங்கி, படிக்காமல், கோப்பில் செருகினார். எனக்குக் கடைசி வரிசைக்கு முந்தின வரிசை.

டேவிட் மேடையில் நின்று பேசினார். நிற்பதில் அவருக்குச் சிரமமில்லை. ஓர் அதிகாரி கேட்டார்: "பயணிகள் எதற்காகப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்பதில்லையா? அந்த விவரம் உபயோகமாக இருக்குமே."

டேவிட் ஒரு கணம் என் பக்கம் பார்த்தார். பிறகு மைக்கை வாயருகே இழுத்தார்.

"அது நாம கேக்கக் கூடாதுங்க சார். வண்டி வோணும்னா வோணும். அவ்ளோதான். இல்லாத விவரம் எங்கியும் போவாது பாருங்க."

கைதட்டல் கூரைத் தகட்டை அதிரவைத்தது. அதிகாரி எழுந்து வந்து டேவிட்டின் கையைக் குலுக்கினார். சால்வை, மாலை, படம். என் வாக்கியத்துக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது, வாங்கிக்கொண்டவர் அவர். நானும் தட்டினேன். பக்கத்திலிருந்தவர் என்னிடம் குனிந்து, "எம்மாம் மூள பாருங்க அந்த மனுசனுக்கு" என்றார்.

வெளியே வந்தபோது வாசலில் மல்லிகா நின்றிருந்தார். சந்தைக்கு வந்தவர் போல. கையில் ஒரு தேன் பாட்டில்.

"சார், பி.டி. சாரு கூட்டத்துல மாட்டிக்கினுகீறாரு. கிட்டயே போவ முடில. இத அவருகிட்ட குடுத்துடுறீங்களா? மலத்தேனு."

"என்னம்மா விசேஷம்?"

"ஒண்ணுமில்ல சார். காலையில வண்டிக்குப் போட்டேன். அந்தப் பொட்டி இல்ல, எடுத்துட்டாரு. அதுக்குதான்."

அதை எடுக்கச் சொன்னவன் நான் என்ற வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது. மூன்று நாள் பொருமலும் அதன் பின்னால் நின்று தள்ளியது. ஆனால் சொன்னால் அவர் கேட்காமலே ஒரு கேள்வி வந்து நிற்கும்: அந்தப் பெட்டியில் இருந்ததைப் பார்த்தீர்களா? நான் பெருமை வாங்கிக்கொண்டால், அதற்கான விலையை அவர் கொடுக்க வேண்டும்.

"குடுத்துடுறேம்மா" என்றேன்.

"நீங்க இன்னா சார், சும்மா அவரு கூட வந்தவரா?"

"ஆமாம்மா. கூட வந்தவன்."

"வயிறு பரவால்லியா இப்ப?"

"நல்லா இருக்கு."

திரும்பும்போதும் டேவிட் நின்றுகொண்டே வந்தார், கழுத்தில் மாலையோடு. நான் தேன் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் மூடியை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்து வந்தேன். கண்ணமங்கலத்தில் அவர் இறங்கும்போது கொடுத்தேன்.

"யாருண்ணா குடுத்தது? இன்னாத்துக்கு?"

"மல்லிகாம்மா. காரணம் நான் கேக்கல."

நான் வேலூர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தங்கையின் போன் ரெஜினாவுக்கு வந்துவிட்டிருந்தது.

"டேவிட்டுக்கு மலையிலேருந்து தேன் குடுத்து அனுப்பிச்சாங்களாமே! சால்வை வேற. மூணு நாள் கூடவே இருந்தீங்க, உங்களுக்கு ஒண்ணும் குடுக்கலையா?"

"ரசம் குடுத்தாங்க" என்றேன்.